பசையா, வரைபடமா? ஃபிரெடரிக் மோஸ் கண்டுபிடித்தது என்ன

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மோஸ் என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த கடினத்தன்மை அளவுகோல் ஞாபகம் வரும். டால்க் 1, வைரம் 10. அந்த மோஸ் ஃபிரீட்ரிக் மோஸ் என்கிற ஜெர்மன் கனிமவியலாளர், 19ஆம் நூற்றாண்டு ஆள். இந்தப் பதிவில் வருபவர் ஃபிரெடரிக் மோஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து சர்ஜன். 1910இல் பிறந்தார், 2002இல் இறந்தார். இரண்டு பேருக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கதையில் ஒரு கனிமமும் வருகிறது, அதை அந்தப் பழைய மோஸ் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் கடினத்தன்மை 2. அதற்குப் பிறகு வருகிறேன்.

சருமப் புற்றுநோய்களில் வெள்ளைத்தோல் மக்களிடம் மிக அதிகமாக வருவது பேசல் செல் கார்சினோமா. வெயில் படுகிற இடங்களில் வரும். மூக்கு, இமை, காது, நெற்றி. மெலனோமா மாதிரி இது உடம்பெல்லாம் பரவுவது ரொம்ப அபூர்வம். ஆனால் விட்டால் இருக்கிற இடத்தையே அரித்துக்கொண்டு போகும். தோலில் ஆரம்பித்துக் குருத்தெலும்பு, எலும்பு, கண்குழி வரை போன கேஸ்கள் உண்டு. மேலே பார்த்தால் ஒரு சின்ன முத்து மாதிரி பளபளப்பான கட்டி. தோலுக்கடியில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத வேர்கள் ஓடியிருக்கும், அதுவும் எல்லாப் பக்கமும் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் நீளமாக.

சர்ஜனுக்கு இங்கே ஒரு இழுபறி. பாதுகாப்புக்காகச் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டலாம். முதுகில் என்றால் பிரச்சினையே இல்லை. மூக்கு நுனியிலும் கீழ் இமையிலும் 5 மில்லிமீட்டர் என்பது பெரிய சொத்து. கம்மியாக வெட்டினால் வேர் உள்ளே தங்கிவிடும், இரண்டு வருஷம் கழித்துத் தழும்புக்கடியிலிருந்து மறுபடி கிளம்பும். அப்போது அது இன்னும் ஆழமாக, இன்னும் ஒழுங்கில்லாமல் இருக்கும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: எல்லாம் வந்துவிட்டதா?

வெட்டியெடுத்ததை பேத்தாலஜிஸ்ட்டிடம் அனுப்பிப் பார்க்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். பார்ப்பார்கள். எப்படிப் பார்ப்பார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் தோல், குழிந்த தட்டில் உட்கார்ந்திருந்த அந்த வளைந்த அடிப்பக்கம்தான் சர்ஜன் வெட்டிய பரப்பு. புற்று அந்த அடிப்பரப்பை எங்கேயாவது தொட்டிருந்தால், உடம்பில் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வழக்கமான முறையில் இட்லியைச் செங்குத்தாக, பிரெட் வெட்டுவதுபோல, துண்டு போடுவார்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய சீவல் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி மைக்ரோஸ்கோப்பில் வைப்பார்கள். சீவலின் கனம் 5 மைக்ரான், துண்டுகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அடிப்பரப்பில் நாம் உண்மையில் பார்ப்பது 400இல் 1 பங்கு. மருத்துவ நூல்களிலும் '1 சதவீதத்துக்கும் குறைவு' என்றுதான் இருக்கும். மீதி 99 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்பது அனுமானம்.

இதில் பேத்தாலஜிஸ்ட் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. கட்டி உருண்டையாக, ஒழுங்கான ஓரத்தோடு இருந்தால் இந்த சாம்பிளிங் நன்றாகவே வேலை செய்யும். வேர் விடுகிற கட்டியில்தான் சிக்கல். இரண்டு சீவல்களுக்கு நடுவில் ஒரு வேர் நழுவிப் போய்விட்டால் ரிப்போர்ட்டில் 'ஓரங்கள் சுத்தம்' என்று வரும். டெஸ்ட் கவரேஜ் 1 சதவீதம், எல்லா டெஸ்ட்டும் பாஸ் என்று யாராவது என்னிடம் ரிலீஸுக்குக் கையெழுத்து கேட்டால் போடமாட்டேன்.

சரி, மோஸுக்கு வருவோம்.

சின்ன வயதில் அவருக்கு ரேடியோ எஞ்சினியராக ஆசை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மைக்கேல் கையர் என்ற விலங்கியல் பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது, ரேடியோ ஆசை அங்கே முடிந்தது. 1930களின் தொடக்கம் அது. எலிகளின் புற்றுக்கட்டிகளில் எரிச்சல் ஊட்டும் ரசாயனங்களை ஊசி மூலம் செலுத்தி, வெள்ளை அணுக்கள் படையெடுத்து வந்து புற்றை அழிக்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அந்த நோக்கத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஜிங்க் குளோரைடு 20 சதவீதக் கரைசலைச் செலுத்தியபோது ஒன்று நடந்தது. அந்த இடத்துத் திசு செத்துப்போனது. அதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் எல்லாம் அப்படியே, ஃபார்மலினில் ஊறவைத்துப் பக்குவப்படுத்திய மாதிரி, வடிவம் கெடாமல் இருந்தன.

பலரும் இதைப் 'புற்றைக் கொல்லும் மருந்து கிடைத்தது' என்று எழுதியிருப்பார்கள். மோஸ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சாதாரணமாகத் திசுவை வெட்டியெடுத்து, அப்புறம் ஆய்வகத்தில் ஃபிக்ஸ் பண்ணுவார்கள். இங்கே உடம்பில் இருக்கும்போதே ஃபிக்ஸ் ஆகிவிடுகிறது. அப்படியென்றால் ஒரு அடுக்கு வெட்டி, பார்த்து, மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு வெட்டலாம். ரத்தம் வராது, வெட்டும்போது வலியும் இருக்காது, ஏனென்றால் வெட்டுவது செத்த திசுவை. நோயாளி காத்திருக்க, சர்ஜன் நிதானமாக மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துவிட்டு வரலாம். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். எலிக்கட்டியில் ஜிங்க் குளோரைடு என்ன செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். அதை ஒரு ஆபரேஷனின் கால அட்டவணையாக மாற்ற வேறொரு மாதிரி மூளை வேண்டும். அந்த ரேடியோ ஆசைக்கு இதில் பங்கு உண்டோ என்று எனக்குத் தோன்றும்.

மனிதர்களுக்கு ஊசி சரிப்படாது, எவ்வளவு ஆழம் போகும் என்று கட்டுப்படுத்த முடியாது. அதனால் பசை செய்தார். ஜிங்க் குளோரைடின் செறிந்த கரைசல். அதைத் தாங்கிப் பிடிக்க ஸ்டிப்னைட் என்ற ஆன்டிமனி சல்ஃபைடு கனிமத்தின் பொடி. நம்மூர் மருந்துக்கடைப் பெயர் அஞ்சனக்கல். இதுதான் நான் முதலில் சொன்ன கடினத்தன்மை 2 கனிமம். கூடவே பிளட்ரூட் என்ற வட அமெரிக்கச் செடியின் வேர்ப்பொடி. பசையைக் கனமாகத் தடவினால் ஆழமாக இறங்கும், லேசாகத் தடவினால் மேலோட்டமாக நிற்கும். மேல்தோலை ஜிங்க் குளோரைடு ஊடுருவாது என்பதால் முதலில் ஒரு அமிலத்தைத் தொட்டுவைத்து வழிவிட வேண்டும். பசையைத் தடவி, கட்டுப்போட்டு, ஒரு நாள் வரை விட்டுவிடுவார்கள். அந்த ஒரு நாள் வலி சாதாரணமானது இல்லை.

மறுநாள் தட்டையான கிண்ணம் மாதிரி ஒரு அடுக்கை வெட்டியெடுப்பார். அதைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சிவப்பு, நீலம் என்று சாயம் வைப்பார். எந்தத் துண்டு முகத்தில் எந்த இடத்திலிருந்து வந்தது, எந்தப் பக்கம் மூக்கு, எந்தப் பக்கம் கன்னம் என்று ஒரு தாளில் வரைபடம் போட்டு எண் கொடுப்பார். அப்புறம் துண்டைக் கவிழ்த்து, வளைந்த ஓரத்தை அமுக்கித் தட்டையாக்கி, உறைய வைத்து, அடிப்பக்கத்திலிருந்து படுக்கைவாட்டில் ஒரு சீவல் எடுப்பார். இட்லியைச் செங்குத்தாக வெட்டாமல், அடியில் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய தோலை முழுசாக உரித்துக் கண்ணாடியில் விரிப்பதுபோல. பக்கவாட்டு ஓரமும் ஆழமும் ஒரே தளத்தில் வந்துவிடும். 400இல் 1 பங்கு இல்லை, வெட்டிய பரப்பு முழுவதும் கண்ணில் படும்.

மைக்ரோஸ்கோப்பில் புற்று தெரிந்தால் வரைபடத்தில் அந்த இடத்தில் குறி. அந்தக் குறி இருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி பசை, மறுபடி ஒரு நாள், மறுபடி ஒரு அடுக்கு. குறி எதுவும் மிஞ்சாதபோது நிறுத்தம். கடைசியாக ஃபிக்ஸ் ஆன அடுக்கு ஒரு வாரத்தில் தானாகக் கழன்றுவிடும், புண் அடியிலிருந்து ஆறி மேலே வரும்.

கணினிக்காரர்களுக்கு இது ஃபிளட் ஃபில். பெயின்ட் மென்பொருளில் வாளியைச் சொடுக்கினால் நிறம் பக்கத்துப் புள்ளி, அதற்குப் பக்கத்துப் புள்ளி என்று பரவி, எல்லை வந்ததும் நிற்கும் இல்லையா, அதேதான். கட்டியின் வடிவத்தை முன்கூட்டியே ஊகிக்க வேண்டாம். அது எங்கே போகிறதோ பின்னாலேயே போனால் போதும். இதனால் ஒரே சமயத்தில் இரண்டு லாபம்: வேர் தப்பிக்காது, நல்ல தோல் வீணாகாது.

இன்னொன்றையும் மோஸ் விடாப்பிடியாக வைத்திருந்தார். வெட்டுபவரும் சிலைடைப் படிப்பவரும் ஒரே ஆள். எழுதியவரே டெஸ்ட் பண்ணக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம், அதனால் முதலில் படித்தபோது எனக்கு உறுத்தியது. யோசித்தால் இங்கே ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. 'வடக்கு ஓரத்தில் புற்று' என்று ரிப்போர்ட் வந்து, அந்த வடக்கு எது என்பதில் இரண்டு பேருக்கு நடுவே குழப்பம் வந்தால் வரைபடமே போச்சு. ஆளை ஒன்றாக்கி அந்தக் கைமாற்றலையே எடுத்துவிட்டார்.

1936இல் நோயாளிகளுக்குச் செய்ய ஆரம்பித்தார். 1941இல் சர்ஜரி இதழொன்றில் 440 நோயாளிகளின் அனுபவத்தோடு கட்டுரை வந்தது. முறைக்கு அவர் வைத்த பெயர் 'கீமோசர்ஜரி'. என் கருத்தில் அந்தப் பெயர்தான் அவருக்குச் செய்த மிகப் பெரிய கெடுதல். பெயரில் ரசாயனம் இருக்கிறது, மைக்ரோஸ்கோப் இல்லை, வரைபடமும் இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் பசையைத்தான் பார்த்தார்கள்.

பசைக்கு ஏற்கெனவே ஒரு பூர்வ கதை உண்டு. புற்றைக் காரம் வைத்துச் சுடுவது உலகமெங்கும் இருந்த வழக்கம். நம் சித்த மருத்துவத்தின் புறமருந்துப் பட்டியலிலும் அறுவை, அட்டைவிடல் இவற்றோடு 'காரம்' ஒன்று. 1850களில் ஃபெல் என்ற அமெரிக்க மருத்துவர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பிளட்ரூட், ஜிங்க் குளோரைடு கலந்த பசையை மார்பகப் புற்றில் தடவி, பேர் வாங்கினார். மோஸ் வேலை செய்த அதே காலத்தில் டெக்சாஸில் ஹாரி ஹாக்ஸி என்பவர் ஆன்டிமனி, ஜிங்க், பிளட்ரூட், ஆர்சனிக் எல்லாம் சேர்த்த பசையையும் ஒரு டானிக்கையும் வைத்துப் புற்றுநோய் கிளினிக் நடத்தினார். அவர் மருத்துவரே இல்லை, முன்னாள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1960இல் அமெரிக்க அரசு அவருடைய சிகிச்சையின் விற்பனையைத் தடைசெய்தது. பிறகு அவருக்கே பிராஸ்டேட் புற்றுநோய் வந்து, தன் டானிக் வேலை செய்யாமல் ஆபரேஷன் செய்துகொண்டார்.

இப்போது 1940களின் ஒரு சர்ஜன் இடத்தில் நின்று பாருங்கள். பல்கலைக்கழக டாக்டர் ஒருவர் ஹாக்ஸியின் சரக்கை நினைவூட்டும் கருப்புப் பசையை முகத்தில் தடவுகிறார். நோயாளி நாள் கணக்கில் கருகிய பொருக்கோடு உட்கார்ந்திருக்கிறார். தையல் போடாமல் புண்ணைத் திறந்தே விடுகிறார்கள். சர்ஜன்கள் பலர் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமே இல்லை. பசைகள் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் மறுநாள் காலையில், மைக்ரோஸ்கோப் மேஜையில் இருந்தது.

அதற்கு நிரூபணம் 1953இல் தற்செயலாக வந்தது. கீழ் இமைப் புற்று ஒன்றை அகற்றுவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் அடுக்கில் மிச்சம் தெரிந்தது. முறைப்படி மறுபடி பசை வைத்து ஒரு நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் கேமரா காத்திருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, பசை இல்லாமலேயே பச்சைத் திசுவை வெட்டி, உறைய வைத்துப் பார்த்தார். நன்றாகவே வேலை செய்தது. அதற்குப் பிறகு இமைப் புற்றுகளுக்குப் பெரும்பாலும் பசையே இல்லை. மற்ற இடங்களுக்குப் பசையை அவர் உடனே விடவில்லை. 1970இல் சான் பிரான்சிஸ்கோவின் தியோடர் ட்ரோமோவிச் பசை இல்லாத முறையில் செய்த தன் நோயாளிகளைப் பற்றி இந்தத் துறையினரின் கூட்டத்தில் பேசினார். 1974இல் ஸ்டெக்மனோடு சேர்ந்து கட்டுரையாகவும் வெளியிட்டார். நாள் கணக்கில் நடந்தது ஒரே நாளில் முடிய ஆரம்பித்தது, வலி போனது, அன்றே தையல் போட முடிந்தது. பசை மெல்ல மறைந்தது. 1967இல் 'கீமோசர்ஜரி' என்ற பெயரில் தொடங்கிய அவர்களுடைய சங்கம் 1980களில் பெயரை மாற்றிக்கொண்டது. இப்போது உலகம் முழுக்க இது 'மோஸ் சர்ஜரி'. பசையைத் தூக்கிப் போட்ட பிறகும் மிஞ்சியது படுக்கைவாட்டுச் சீவலும் சாயமும் வரைபடமும்.

எண்கள் என்ன சொல்கின்றன? நெதர்லாந்தில் முகத்துப் பேசல் செல் புற்றுக்குச் சாதாரண அறுவையையும் மோஸ் முறையையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டார்கள். 10 வருஷ முடிவு 2014இல் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்த கட்டிகளில், சாதாரண அறுவைக்குப் பின் 13.5 சதவீதம் மறுபடி வந்தன, மோஸ் முறையில் 3.9 சதவீதம். முதல்முறை வந்த கட்டிகளில் 12.2க்கு 4.4. இந்த இரண்டாவது வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானது இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சீக்கிரமே நிறுத்தியிருந்தால் வேறு கதை படித்திருப்போம்: 30 மாதத்தில் முதல்முறைக் கட்டிகளுக்கு இரண்டு முறைகளும் கிட்டத்தட்ட சமம். இந்தப் புற்று மெதுவாக வளர்வது, தப்பிய வேர் வெளியே தெரியவே வருஷங்கள் ஆகும்.

எல்லாவற்றுக்கும் மோஸ் முறை தேவையில்லை. முதுகில் ஒரு சின்னக் கட்டிக்கு இது வீண் செலவு. கட்டி ஒரே தொடர்ச்சியாக வளர்ந்திருக்க வேண்டும் என்பது இதன் ஆதார அனுமானம். நடுவே இடைவெளி விட்டுத் தாவும் கட்டி என்றால் ஃபிளட் ஃபில் எல்லை வந்துவிட்டது என்று தவறாக நின்றுவிடும். மெலனோமாவில் உறைய வைத்த சீவலில் செல்களை அடையாளம் காண்பது கடினம், அதற்குத் தனிச் சாயங்கள் வேண்டியிருக்கின்றன.

தூக்கிப் போட்ட அந்தப் பசை என்ன ஆனது? அது சாகவில்லை. 'பிளாக் சால்வ்' என்ற பெயரில் இன்றும் இணையத்தில் விற்கிறார்கள். சேர்மானம் பிளட்ரூட், ஜிங்க் குளோரைடு. மூலிகை, கத்தியில்லாத சிகிச்சை, புற்றை மட்டும் தேடிப் பிடித்து வெளியே இழுக்கும் என்று விளம்பரம். சிலர் மோஸ் பெயரையே சாட்சிக்கு இழுப்பார்கள். ஜிங்க் குளோரைடுக்குப் புற்று எது, நல்ல தோல் எது என்று தெரியாது, பட்ட இடத்தையெல்லாம் கருக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் போலிப் புற்றுநோய் மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. மூக்கின் ஒரு பக்கத்தையே இழந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் படங்களோடு வந்திருக்கிறது. அதைவிட மோசம் அழகாக ஆறியவை. பொருக்கு விழுந்தது, மேலே புதுத்தோல் வந்தது, நோயாளிக்குத் திருப்தி. வருஷங்கள் கழித்து பயாப்சி எடுத்தால் தழும்புக்கடியில் புற்று ஓடிக்கொண்டிருக்கும். விழுந்த பொருக்கின் அடிப்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

நம்மூரில் இந்த வகைச் சருமப் புற்று மேலை நாடுகளைவிட மிகக் குறைவு, தோலின் மெலனின் ஒரு காரணம். மோஸ் முறை தெரிந்த டாக்டர்களும் கொஞ்சம் பேர்தான். ஆனால் இந்தியாவுக்கே உரிய ஒரு சருமப் புற்று உண்டு. குளிருக்காக மேலங்கிக்குள் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள்ளும் கணப்புச் சட்டியால் காஷ்மீரில் வருவது, அந்தச் சட்டியின் பெயராலேயே 'காங்கிரி கேன்சர்'. அதற்கான குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த பதிவில் எழுதுகிறேன்.